பாயை எடுத்தவள்

என் வீட்டுக்காரர் பெலெனாத்தோவுக்கு சவாயித் தீவின் படகுத்துறையில் வேலை. உபோலுத் தீவிலிருந்து வரும் படகில் யார் இறங்கினாலும் கூடையைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வருஷம் உபோலுவில் சேம்புக்கு இலைக்கருகல் நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழுகிக்கொண்டிருந்தது. எங்கள் தீவு மட்டும் தப்பியிருந்தது. எங்கள் கிழங்குதான் நியூசிலாந்துக்குக் கப்பலேறியது. நோய் பிடித்த ஒரு நாற்று உள்ளே வந்தால் அந்தக் கப்பலும் நின்றுவிடும்.

அவர் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன், பிடிவாதக்காரர். பாதிரியார் கூடையைக்கூட விடமாட்டார். நாளைக்கு மோட்ச வாசலிலும் நின்று பேதுருவையே சோதனை போடுவான் என்று துறையில் கேலி செய்வார்கள்.

ஒருநாள் அவருடைய அக்கா மகெரீத்தா வந்து இறங்கினாள். உபோலுவில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரில் உடன்பிறந்தவள் என்றால் ஆணுக்குக் கண்ணின் கருமணி. அவள் கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது, அவள் எதிரில் குரல் உயரக்கூடாது. அவள் கூடையில் வாழையிலைக்கு அடியில் சேம்பு நாற்று இருந்தது.

"தம்பி, இதைத் தொடாத. அங்க எல்லாம் அழுகிப்போச்சு. இது ஒண்ணாவது பொறந்த மண்ணுல பொழைக்கட்டும்."

"கூடையைக் குடுக்கா."

அவள் கொடுக்கவில்லை. அவர் பிடுங்கி, துறையிலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஊரே பார்த்தது. அவள் அழுதபடி அதே படகில் திரும்பிப் போனாள். நான் அங்கேதான் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன். என் சமையலை ஒருநாளும் வாயாரப் புகழாத நாத்தனார் அவள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. மலையடிவாரத்தில் அவருடைய பெரியப்பா மகன் தோட்டத்தில்தான் முதலில் இலையில் புள்ளி விழுந்தது. பிறகு எங்கள் தோட்டத்திலும் விழுந்தது. அத்தனையும் நான் குனிந்து குனிந்து நட்டது. அந்த அழுகல் நாற்றம் துணியிலேயே ஏறிவிட்டது. கப்பல் வருவது நின்றது. காற்றிலும் மழையிலும் வந்திருக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். ஊர் அதைக் கேட்குமா? அக்காவை அழவைத்தவன் காவல் காத்த சேம்பு எப்படி விளங்கும் என்றார்கள். அவர் முகம் பார்த்தே சொன்னார்கள்.

அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கடைசியில் என்னிடம் நுண்பாயைக் கேட்டார். தாழையோலையை நூலாகக் கிழித்து நான் வருஷக்கணக்கில் முடைந்தது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் வழக்கத்தில் பெருந்தப்பு செய்தவன் விடியுமுன் எதிராளி வீட்டு வாசலில் அதைத் தலையோடு போர்த்திக் குனிந்து உட்கார வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயை எடுத்தால்தான் மன்னிப்பு. எடுக்காதவரை வெயிலானாலும் மழையானாலும் அப்படியே கிடக்க வேண்டும்.

உபோலுவுக்குப் போனோம். அக்கா வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றேன். வெளிச்சம் வந்ததும் மகெரீத்தா வாசலுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பாயை எடுப்பாள் என்று பார்த்தேன். அவளோ முழங்காலிட்டு, பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே புகுந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ கொளுத்துன அடுத்த வாரமே மீன்படகுல நாற்று அனுப்பிட்டேன்டா," என்ற குரல் பாய்க்குள்ளிருந்து கேட்டது. "பெரியப்பா மகன்தான் வாங்கி நட்டான். பச்சையாத்தான்டா இருந்துச்சு. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

அவர் பக்கம் பாய் குலுங்கியது. ஆண்பிள்ளை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்காரன் வந்து பார்த்துவிட்டு, யாருக்காகப் பாயை எடுப்பது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டான். வெயில் ஏறியது. என் தோட்டம் போனது இவளால். இவளுக்காக ஊர்ப் பேச்செல்லாம் கேட்டவர் என் புருஷன். கிடக்கட்டும் இரண்டும் என்று நின்றேன்.

பாய்க்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார். "நீதான் எடுக்கணும்மா. நாங்க ரெண்டு பேரும் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுத்தான் உக்காந்திருக்கோம்."

உடனே எடுக்கவில்லை. பிறகு போய் எடுத்தேன். இரண்டு பேர் தலையும் வேர்வையில் நனைந்திருந்தது.

உள்ளே கூட்டிப்போய் மகெரீத்தா ஈரப்பலாக்காயைச் சுட்டுக் கொடுத்தாள். சேம்பு இல்லாமல் விருந்தாளிக்கு இலை போடுகிறேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தின்னுங்க அண்ணி, எங்க வீட்டுலயும் இல்லை என்றேன்.