பேக்டரி லிஸ்ட்

பிப்ரவரி 16, ஞாயிறு. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து பால் வாங்கி வந்தேன். தோல் வாடை ஏறிய வேலைச் சட்டைகளைத் தனியாக ஊறவைத்து, துவைத்து, மாடியில் காயப்போட்டேன். வாரம் முழுக்கப் போனில் சேர்ந்த படங்களை ஞாயிறு மதியம்தான் அழிப்பேன். காலை வணக்கப் பூக்கள், பிறந்தநாள் கேக்குகள் என்று அழித்துக்கொண்டிருந்தபோது பாயின் நம்பரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய மகன் அனுப்பியிருந்தான்.

‘அப்பா இன்று காலை மவுத் ஆகிவிட்டார். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. துஆ செய்யவும்.’

ஆம்பூர்த் தொழிற்சாலையில் தோல் தரம் பிரிக்கும் மேசையில், போன வருடம் ஓய்வு பெறும்வரை எனக்கு எதிரே நின்றவர் பாய். நான் இருப்பது குடியாத்தத்தில். அவர் தெருப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காலையில் சொல்லியிருப்பார்கள். எனக்கு எப்படிக் கேட்கும்?

ஓய்வு பெற்ற புதிதில், பேத்தியின் படத்தை ஒவ்வொருவருக்காக அனுப்பி விரல் வலிக்கிறது என்று போனை நீட்டினார். அதிலிருந்த பெயர்களைப் பிரித்து வீடு, ஜமாத், பேக்டரி என்று மூன்று லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். ஒன்றைத் தொட்டு அனுப்பினால் அதிலுள்ள எல்லோருக்கும் போய்விடும்.

“உன்ன எதுல போட்ட?”

“பேக்டரியில, பாய்.”

“இன்னாபா, பெருநாளானா பிரியாணிக்கு மட்டும் வீட்டாளு, லிஸ்ட்டுனா பேக்டரி ஆளா? வீட்டுலயும் போடு.”

“ரெண்டுலயும் போட்டா ஒரே படம் ரெண்டு தபா வரும்.”

“வரட்டுமே. உன் போனு இன்னா தேஞ்சா போய்டும்?”

போடவில்லை. மேசையில் ஒரு தோல் ஒரே அடுக்கில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு உதைக்கும். கை அப்படிப் பழகிவிட்டது.

சட்டைகளைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மகன் ஓடி வந்தான்.

“எங்க போய்ட்டீங்க அங்கிள்? மையத்த எடுக்கற வரைக்கும் உங்களத்தான் தேடுனேன்.”

“இப்பதாம்பா மெசேஜ் வந்துச்சு.”

“காலையிலயே வீடு, ஜமாத் ரெண்டுக்கும் போட்டேனே. லீவு நாளாச்சேன்னு பேக்டரிக்குத்தான் அப்புறமா அனுப்புனேன்.” போனை எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. “நீங்க வீட்டு லிஸ்ட்டுல இருப்பீங்கன்னே நெனச்சேன் அங்கிள். யாரு இப்டி போட்டது?”

“நான்தாம்பா.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மொகத்த ஒரு தபா பாத்திருக்கலாம்,” என்றேன். “போட்டோ ஏதாச்சும்…”

“எடுக்கல அங்கிள். எடுக்கக் கூடாதுன்னு அவரே சொல்லி வெச்சிருந்தாரு.”

உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தேன். கடைசி பஸ்ஸில் வீடு திரும்பினேன். டைரியில் அன்றைய பக்கத்தில் எப்போதும்போல் தேதியை எழுதினேன், அதற்குமேல் ஓடவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாக, தொழிற்சாலைக்குப் போகுமுன், அவர் மகனோடு கபர்ஸ்தானுக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

“தல எந்தப் பக்கம்பா?”

“வடக்க, அங்கிள். மொகத்த மேற்க பாத்தாப்ல திருப்பி வெச்சிருக்கோம்.”

நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், அங்கே நின்றேன்.