இரவல் பாவங்கள்

குருப்பட்டத்துக்கு முந்தைய மாதம் திண்டிவனத்தில் நாங்கள் காலையில் எழுந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, "பாவம் ரெடியா?" என்பதுதான்.

"ஒண்ணும் தோணலடா. உங்கிட்ட எக்ஸ்ட்ரா இருக்குதா?"

"ஒரு பொய்ச்சாட்சி, ஒரு கோழித் திருட்டு இருக்குது. எது வேணும்?"

"கோழி குடு."

வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே இப்படிப் பாவத்தைக் கைமாற்றுவோம். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் போலீசுக்குப் போன் போட்டிருப்பார்கள். நாங்களோ திருத்தொண்டர்கள். குருமடத்தில் வருடக்கணக்காகப் படித்து முடித்து, சாமியாராவதற்கு ஒரு படி கீழே நிற்கிறவர்கள். பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தியான இல்லத்தில் தங்கிப் பாவசங்கீர்த்தனம் கேட்க, அதாவது ஜனங்கள் வந்து சொல்கிற பாவங்களைக் கேட்டு மன்னிப்புக் கொடுக்க, பழகிக்கொண்டிருந்தோம். இரண்டு நாற்காலி, நடுவே கயிற்றில் ஒரு பழைய ஊதாத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர் சாமியார், அந்தப் பக்கம் உட்காருகிறவர் பாவி. மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். சொந்தப் பாவத்தை அங்கே சொல்லக்கூடாது, தெரிந்தவர்களுடையதையும் சொல்லக்கூடாது. கற்பனையாகத்தான் கொண்டுவர வேண்டும்.

தினம் படுக்கும் முன் மனச்சாட்சியைத் துருவித் துருவிப் பார்த்தே வளர்ந்த பையன்கள் நாங்கள். துருவினாலும் ஜெபத்தில் தூங்கியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் அகப்படாது. அப்படிப்பட்டவர்களிடம் இஷ்டத்துக்குப் பாவம் செய்துகொள்ளலாம் என்று சொன்னால் விடுவோமா? கொள்ளை, ஆள்மாறாட்டம், மாமியாரைக் கிணற்றில் தள்ளியது என்று ஆளாளுக்குப் பின்னி எடுத்தோம்.

இதில் எனக்கு ஒரு வியாதி. சிரிக்கக்கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். மௌன தியானத்தில் யாருக்காவது வயிறு கடமுடா என்றால் தீர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் புனிதர்களின் வரலாற்றைச் சத்தமாக வாசிப்பார்கள். 'அவர் உணவையே வெறுத்தார்' என்று வாசிக்கிறவனுடைய கண் என் தட்டில் இருக்கிற முட்டையை விட்டு நகராவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவேன்.

எங்கள் ஜெப வாழ்வைக் கவனிக்க ஓர் ஆன்ம குரு இருந்தார். வயதானவர், நல்லவர், ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பல்லைப் பல் டாக்டர் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு.

ஒரு நாள் என் முறை வந்தது. நான் சாமியார். பாவியாக வந்து உட்கார்ந்தவன் என் உயிர்த் தோழன், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பையன். முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் எதையும் சொல்வான், படுபாவி.

"சாமி, தவக்காலத்து வெள்ளிக்கிழமைல கவுச்சி சாப்ட்டுட்டேன்" என்று ஆரம்பித்தான். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில் வெள்ளிக்கிழமை இறைச்சி எங்களுக்கு விலக்கு.

"எப்படிப்பா நடந்தது?" என்றேன், கனிவாக.

"விழுப்புரம் பஸ் ஸ்டாண்டாண்ட குஸ்காதான் வாங்குனேன் சாமி. பீஸு இல்லாத வெறும் பிரியாணிச் சோறு. கிளறிப் பாத்தா அடியில ஒரு பீஸ்."

"சரி."

"கை தவறி வுழுந்திருக்கும்னு ஒதுக்கி வச்சேன். இன்னும் கொஞ்சம் கிளறுனேன். இன்னொரு பீஸ். அப்பதான் சாமி தெரிஞ்சிக்கினேன், இது கடவுள் சித்தம்னு."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்திருக்கும்.

"அதுகூடப் பரவால்ல சாமி. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கடைக்குப் போய், அண்ணே, போன வாரம் குடுத்தீங்களே, அதே குஸ்கா ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன்."

அவ்வளவுதான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். தரையில் கிடந்து சிரித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆன்ம குரு மட்டும் எழுந்து வந்து என் தலைமாட்டில் நின்றார். அவருடைய செருப்பைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எழுந்திருங்க பிரதர்" என்றார். "நாளைக்கு நிஜமா ஒருத்தர் வருவார். பல வருசமா மனசுல பூட்டி வச்சதத் தூக்க முடியாம தூக்கிக்கினு வருவார். நீங்க சிரிச்சா எழுந்து போயிடுவார். அப்புறம் செத்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டார்." பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமை நானே பாவியா வந்து உக்கார்றேன். நீங்க சிரிச்சீங்கன்னா இந்த வருசம் உங்களுக்குப் பட்டம் இல்ல. ஆயர்கிட்ட நானே சொல்லிடுறேன்."

சாயங்காலம் எங்களுக்குப் போன் கையில் கிடைக்கிற நேரம். அம்மாவைக் கூப்பிட்டேன். கோலியனூர்ப் பக்கம் எங்கள் ஊர். மற்றவர் நிலத்தில் களை எடுத்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி என்னைப் படிக்கவைத்தவர் அம்மா. நான் திருத்தொண்டரானதிலிருந்து 'சாமி' என்று கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'டா'வை விடவும் மனசில்லை. இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"இன்னாடா சாமி, சாப்ட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். குஸ்கா வந்த இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. என் வியாதி எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் விளக்க வேண்டாம். பட்டம் தள்ளிப்போகலாம் என்றதும்தான் அடங்கினார்.

"டேய், ஊரு பூரா பத்திரிக்க வெச்சிட்டேன்டா. நான் வேலைக்குப் போற நெலத்துக்காரரு வூட்லகூட, நம்ம தெருவுக்கு வந்து சாப்டுறோம்னு சொல்லிருக்காங்க. பேஜாரு பண்ணிடாதடா சாமி."

அந்த வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் அதுவரை ஒருவரும் வந்து சாப்பிட்டதில்லை.

"சிரிக்கமாட்டேம்மா."

"சிரிச்சிக்கூடத் தொலடா. கத்தாத. அந்தச் சாமியாரு எங்கிட்டக் கத்துன மாதிரி யாருகிட்டயும் கத்தாத."

அது பழைய கதை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தவக்காலத்தில் அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே இருந்த சாமியார் என்ன காரணமோ போட்ட கத்தலில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், சத்தமாகப் பாடுவார். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம், வாங்கக்கூடாது என்று பிடிவாதம். எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பார். என் முதல் பூசையிலும் அப்படியே உட்கார்ந்திருப்பாரோ என்பது எனக்கு நெடுநாளாக இருந்த கவலை. இப்போது முதல் பூசையே உண்டா இல்லையா என்று ஆகிவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் என் தோழன் எனக்குப் பயிற்சி கொடுத்தான். கொடுத்தான் என்பதைவிட வதைத்தான் என்பதே சரி. தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் வந்து, "அதே குஸ்கா" என்பான். கோயிலில் முழங்காலில் இருந்தால் பின்னாலிருந்து, "அடியில ஒரு பீஸ்" என்று முணுமுணுப்பான். அடேய், உன்னை வெட்டிப் போட்டால் எனக்கு நிஜப் பாவமே ஒன்று கிடைக்கும்டா என்றேன். கடைசியில் அவனே ஒரு வழியும் சொன்னான். அந்தக் காலத்துப் புனிதர்கள் செருப்பில் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தார்களாம். நீ தோடு உடைக்காத முழு மல்லாட்டை ஒன்றைப் போட்டுக்கொள், சிரிப்பு வரும்போது கட்டைவிரலால் அழுத்து, வலியில் சிரிப்பு ஓடிவிடும் என்றான். அதையும் செய்தேன். புத்தி எங்கே போனதோ.

வெள்ளிக்கிழமை வந்தது. செருப்புக்குள் மல்லாட்டையோடு உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ஒரு பொம்பளைக் குரல்.

"சாமீ... நான் பாவி சாமீ, என்ன ஆசீர்வதியும் சாமீ."

ஆன்ம குருதான்! லத்தீனில் ஜெபம் சொல்கிற அந்தக் குரல் கிரீச்சென்று மேலே ஏறி நின்றுகொண்டிருந்தது. பெஞ்சில் யாரோ இருமுவதுபோல நடித்தார்கள். நான் கட்டைவிரலை அழுத்தினேன்.

"சொல்லுங்கம்மா."

"விழுப்புரம் மார்க்கெட்டுல மீன் விக்கிறவ சாமீ நானு. நேத்து மீன இன்னைக்கி வந்ததுன்னு பொய் சொல்லி வித்துட்டேன்."

"வருத்தப்படுறீங்களாம்மா?"

"ரொம்ப சாமீ. ஏன்னா வாங்கிக்கினு போனது எங்க பங்குக் கோயிலு சாமியாரு."

அழுத்தினேன்.

"மறுநாளு பூசை முடிஞ்சி என்னக் கூப்ட்டு, இந்த மாதிரி மீனு என் ஜென்மத்துல சாப்ட்டதில்லம்மான்னாரு. அதுலேர்ந்து அவருக்குன்னே பழைய மீனாப் பாத்து எடுத்து வெக்கிறேன் சாமீ."

அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்றில் கயிற்றின் முடிச்சு அவிழ்ந்தது. ஊதாத் திரை அப்படியே ஆன்ம குருவின் தலையில் விழுந்தது. மனிதர் நிறுத்தவில்லை. பாதி முகத்துக்கு முக்காடு போட்ட மாதிரி உட்கார்ந்து, "இன்னா சாமீ, பதிலையே காணோம்?" என்றார். என் செருப்புக்குள் மல்லாட்டை படக்கென்று உடைந்தது. இனி அழுத்த ஒன்றும் இல்லை. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. எதையாவது பேசினால்தான் தப்பிப்பேன். வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, அது எந்தப் பங்கு? எனக்கு அடுத்த மாசம் போஸ்டிங்."

பாவசங்கீர்த்தனத்தில் எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்கக்கூடாது. யார், எந்த ஊர், யாரோடு என்று துருவக்கூடாது என்பது முதல் பாடம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மா முகமும் அந்த நிலத்துக்காரர் வீடும் கண்முன் வந்தன.

பிறகு துணி லேசாக ஆடியது. ரொம்ப நாளாக மூலையில் கிடந்த பழைய பைக்கை உதைத்து உதைத்துக் கடைசியில் கிளப்பினால் ஒரு சத்தம் வருமே, டுர், டுர்ர், டுர்ர்ர் என்று, அந்தச் சத்தம் துணிக்குள்ளிருந்து வந்தது. ஆன்ம குரு சிரித்துக்கொண்டிருந்தார்! நிறுத்தத் தெரியாமல் சிரித்தார். நாங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம். பயமாகக்கூட இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கேள்வியக் கேக்கவே கூடாது பிரதர்" என்றார்.

"தெரியும் ஃபாதர். தெரியாம வந்துடுச்சு."

"ஆனா நீங்க சிரிக்கல."

"இல்ல ஃபாதர்."

"நான்தான் சிரிச்சேன்." திரையை மடித்து என் கையில் கொடுத்தார். "போய் அம்மாகிட்டச் சொல்லுங்க, பட்டம் உண்டுன்னு."

விழுப்புரத்தில் ஒரு காலை நேரத்தில் எனக்குப் பட்டம் கிடைத்தது. மறுநாள் எங்கள் ஊரில் முதல் பூசை. முந்தின சாயங்காலம் சின்னக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தேன். அம்மா வாசலில் நின்று வருகிறவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஆன்ம குருவும் வந்து நின்றார். ஊரே பார்த்தது, அதனால் சொல்லலாம். அவர் முறை வந்து முழங்காலில் இருந்ததையும் பார்த்தது. உள்ளே என்ன சொன்னார் என்பதை என்னை வெட்டிப் போட்டாலும் சொல்லமாட்டேன். வெளியே கேட்டது சிரிப்புச் சத்தம் மட்டும்தான், அதை அங்கே நின்ற எல்லாருமே கேட்டார்கள்.

நான் வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார்.

"உள்ள வண்டி கெளம்புன மாதிரி சத்தம் கேட்டுதே. சிரிச்சது நீயா, அவரா?"

"சொல்லக்கூடாதும்மா."

"பாவம் சொல்லப் போன எடத்துல சிரிப்பாங்களாடா?"

"அதையும் சொல்லக்கூடாதும்மா."

அம்மா மோர்ச் சொம்பை என் கையில் திணித்தார். ஆன்ம குரு திண்டிவனத்துக்குத் திரும்ப ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "சாமி, சாமி, கொஞ்சம் இருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகி ஓடினார் அம்மா. ஆன்ம குரு ஹெல்மெட்டைக் கழற்றினார். வண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா குனிந்து நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று நான் இரண்டடி முன்னால் போகும்போது, டுர், டுர்ர் என்று சத்தம் வந்தது. வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இத்தினி வருசத்துக்கும் சேத்து, ஒரே ஒரு அருள் நிறை மந்திரம்தான்டா அபராதம்!" என்றார். "அந்தக் கத்துன சாமியாரு அத அப்பவே சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்."

மறுநாள் நிலத்துக்காரர் வீட்டார் வந்து எங்கள் தெருவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு முன்னால், பூசையில், நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. வரிசையில் முதல் ஆளாக அம்மா நின்றார். "கிறிஸ்துவின் உடல்" என்று உயர்த்திப் பிடித்தேன். 'ஆமென்' சொல்ல வேண்டிய இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. காலையில் மறுபடி வந்து பக்கத்தில் நின்ற ஆன்ம குரு வேறு எங்கேயோ பார்த்தார். அம்மா எப்படியோ 'ஆமென்' சொல்லி, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.