வீரம்மாவின் சிமெந்துப் பட்டி

மடுல்கெல்லப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவைப் போல் ரோசக்காரி கிடையாது. லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி நான், எனக்குத் தெரியாதா? பன்றி வளர்க்கிறாள் என்று லயத்து ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள். உடனே புருசன் சின்னமுத்துவை விரட்டிப் பன்றிப் பட்டிக்குச் சிமெந்துத் தரை போட வைத்தாள். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பாள். என் அடுப்படிகூட அப்படி மின்னியதில்லை.

அந்தப் பட்டியில்தான் குட்டிகள் செத்தன. வெயில் காலத்தில் பிறந்தவை தாயோடு வெளியே மண்ணைக் கிளறித் திரிந்தன, நன்றாக வளர்ந்தன. மழை பிடித்ததும் பன்றியை உள்ளே அடைத்தாள். அந்த ஈற்றுக் குட்டிகள் வெளுத்து, மூச்சு வாங்கி, ஒன்று விடாமல் போய்விட்டன. நோய் பரப்புகிறாள் என்று லயமே கொதித்தது.

தோட்டத் தலைவர் ராஜரத்தினம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு ஈத்து இப்பிடிச் செத்தா பட்டிய ஒடைச்சிருவோம். அப்புறம் என்னயக் குத்தம் சொல்லப்படாது."

கொழுந்துக் கூடையைத் தவிர அவளுக்கென்று இருந்தது அந்தப் பட்டி ஒன்றுதான்.

அடுத்த மழையிலும் பன்றி ஈன்றது. சில நாளிலேயே குட்டிகள் வெளுக்கத் தொடங்கின. வீரம்மா பஸ் பிடித்துப் போய், குண்டசாலையிலிருந்து வேலைக்கு வரும் மிருக வைத்தியர் யசோதாவைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் ஒரு குட்டியின் கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"குட்டிகள் மண்ணில திரியுதா?"

"மண்ணா? ஒரு பொட்டு ஒட்ட விடமாட்டேன் மிஸ்," என்றாள் வீரம்மா பெருமையாக.

"அதுதான் பிழை. தாய்ப்பால்ல இரும்புச்சத்து காணாது. வெளிய விட்டா மண்ணுல இருந்து எடுத்துக்கொள்ளும். நீங்க அதையும் கழுவி ஊத்திட்டீங்க."

வீரம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். டொக்டர் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி போட்டார். உரமோ மருந்தோ படாத செம்மண்ணாகப் பார்த்து, தினமும் பட்டி மூலையில் கொட்டச் சொன்னார்.

கொட்டுகிற மழையில் ரோட்டு மேட்டில் ஏறி மண் வெட்டிச் சுமந்தாள் வீரம்மா. அதே லயத்து அழகம்மா வாசலில் நின்று சிரித்தாள். "என்னா வீரம்மா, சுத்தமெல்லாம் மழையோட போச்சா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஒங்க வாய்க்குப் பயந்து நான் பட்டி கழுவுனது போதும்."

குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று யாரோ கோள் மூட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் பட்டியை இடிக்க இரும்பு அலவாங்கோடு வந்து நின்றார். வீரம்மா பட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். மூக்கெல்லாம் செம்மண்ணோடு கொழுகொழுவென்று பாய்ந்து வந்த குட்டிகள், அவருடைய வெள்ளை வேட்டியில் மூஞ்சியைத் தேய்த்தன. சந்தோசத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எல்லாம் இருக்கா?" என்றார் தலைவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஒண்ணும் கொறையல. எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் திரும்பி நடந்தார். வீரம்மா விடவில்லை.

"தலைவரே, அலவாங்க வச்சிட்டுப் போங்க. நாளைக்கு மண்ணு வெட்டணும்."

வைத்துவிட்டுத்தான் போனார்.