திகதி மாற்றிய திங்கட்கிழமைகள்

என் தொலைபேசியில் செய்ய வேண்டிய வேலைகள் என்று குறித்து வைத்திருப்பவை ஐந்தாறுக்கு மேல் போவதில்லை. ஒன்றைச் செய்வேன், இல்லாவிட்டால் அழித்துவிடுவேன். திகதியை மட்டும் தள்ளிவைக்க மாட்டேன். கூட வேலை செய்பவர்கள் இதைக் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். அது பயம்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கணினிகளோடு ஒரு மென்பொருளும் வந்து சேர்ந்தது. செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் அதில் பதிந்து, பொறுப்பாளர் பெயரையும் முடிக்க வேண்டிய திகதியையும் போட வேண்டும். திகதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். ஏறாவூரில் உப்பேறிய கிணறு இறைத்தல், காத்தான்குடியில் ஒரு பெண்ணுக்குத் தையல் மெசின், தோணிக்குப் பலகை, கூரைக்குத் தகரம். இரண்டு மாதத்தில் பட்டியலின் அடியைப் பார்க்க விரல் வலிக்க உருட்ட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கொழும்பில் அதைத் திறந்து பார்ப்பார்கள். சிவப்பைக் கண்டால் போன் எடுத்துத் திட்டுவார்கள். நான் கெட்டிக்காரி அல்லவா, வழி கண்டுபிடித்தேன். திங்கள் காலை வந்ததும் சிவப்பு வரிகளை ஒன்றாகத் தெரிவுசெய்து, திகதியை ஒரு வாரம் தள்ளிவிடுவேன். ஒரே கிளிக், பட்டியல் வெள்ளையாகிவிடும்.

அந்த வரிகளில் ஒன்று, வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்ற ஊரிலிருந்து வந்த அக்காவுடையது. அவர் கணவர் சுனாமி வந்த அன்று காலை வலை பார்க்கக் கடற்கரைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. அக்கா படத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தபோது, ‘கணவரைத் தேடி விசாரித்தல்’ என்று அவர் கண்முன்னேயே பதிந்தேன். எங்கள் அலுவலர் ஒருவர் ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் படத்தைக் காட்டிக் கேட்டுத் திரிந்தார். ஆறு வாரத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயரை நீக்கியதும் மென்பொருள் அவருடைய வேலைகளையெல்லாம் என் பெயருக்கு மாற்றியது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை. என்ன பதில் வரும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அக்கா மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார்.

“தங்கச்சி, அவர்ர விசயம் என்னமாதிரி?”

“விசாரணை நடக்குது அக்கா. இந்தா பாருங்க, இன்னும் மூடல்ல.”

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவேன். கணவரின் பெயரையும் பக்கத்தில் இருக்கும் புதுத் திகதியையும் மெல்ல வாசிப்பார். முகம் தெளிந்துவிடும். அதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

பிறகு வாகரைப் பக்கம் சண்டை வந்தது. சுனாமி வேலைகள் முடியாமலே இடப்பெயர்வு வேலைகள் அவற்றின் மேல் வந்து ஏறின. அக்காவும் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்து முகாமில் இருந்தார். கூடாரம் ஒழுகுகிறது என்று சொல்ல வந்த கூட்டத்தின் நடுவே அவர் மட்டும் பழைய கேள்வியைத்தான் கேட்டார். நானும் திரையைத் திருப்பினேன்.

போர் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் அலுவலகத்தை மூடுகிறார்கள், மாத முடிவுக்குள் பட்டியலில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினேன். தையல் மெசின் கேட்டவள் வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். தகரம் கேட்ட முதியவர் இறந்தே இரண்டு வருடமாகியிருந்தது. அவருக்கான தகரத்தை நான் போன திங்கள்கூட அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தேன். அதற்குப் பிறகு வரிகளை வாசிக்கவே பயமாக இருந்தது. கடைசியில் அக்காவின் வரி மட்டும் மிஞ்சியது. மூடுவதற்கு மென்பொருளில் இரண்டே வழி: முடிந்தது, தேவையில்லை. எதை அழுத்துவது?

அவரிடம் சொல்லாமல் மூட மனம் வரவில்லை. அடுத்த முறை வந்ததும் திரையைத் திருப்பாமலே சொன்னேன்.

“கந்தோரை மூடுறாங்க அக்கா. உங்களிட்ட உண்மையச் சொல்லணும். முதல் ஒண்டரை மாசத்துக்குப் பிறகு ஒருத்தரும் அவரத் தேடல்ல.”

“அப்ப அந்தத் திகதி?”

“நான்தான் கிழமைக்குக் கிழமை மாத்தினன்.”

கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியில் குங்குமத்தோடு அவர் கணினியின் முதுகைப் பார்த்தபடியே இருந்தார்.

“எங்கட ஊர் விதானையார் மரணப் பத்திரம் எடுக்கச் சொன்னாரு. கந்தோரில தேடுறாங்க, வேணாம் எண்டன். மாமி, அவரப் பெத்தவ, வருசா வருசம் அவருக்குப் படைப்பம் எண்டு அழுதா. உசிரோட இரிக்கிற மனிசனுக்குப் படைக்கிறதா எண்டு அவவோட சண்டை பிடிச்சன்.”

இறந்த திதியில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். அன்று அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்புகிறோம். சுனாமிக்குப் பிறகு நான்கு மார்கழி போயிருந்தது. நான்கிலும் அக்காவின் ஊர்க்காரர்கள் பலர் இலை போட்டார்கள். அக்காவின் வீட்டில் போடவில்லை.

“அவர் பசி தாங்க மாட்டாரு தங்கச்சி,” என்றார் அக்கா. “நாலு வருசமா மத்தவங்க எல்லாம் வந்து சாப்பிட்டுப் போக, அந்த மனிசனை மட்டும் பட்டினி போட்டுட்டமே, நீங்களும் நானும்.”