வக்கீலின் பல்தடம்

கோர்ட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வக்கீலுக்கு வாய்தானே பிழைப்பு? இவளோ கட்சிக்காரன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விடமாட்டாள். முன்னறையில் டைப் அடிக்கும் சொந்தத் தங்கையிடமே மூச்சு விட்டதில்லை. "உன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் சாவியைத் தொலைச்சுட்டான்க்கா" என்று தங்கை கேலி செய்வாள்.

இரும்புக்கடைக்காரன் வந்த முதல் நாளும் வழக்கம்போலச் சொன்னாள்: "இந்த ரூமுக்குள்ள நடக்கிறது வெளியே போகாது. தைரியமாப் பேசுங்க." பாவி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கோ ஓடி ஒளிந்திருந்தாள். அந்த வீட்டுக்கே போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு அவன் மனுப் போட்டிருந்தான். சமரசம் பேசும்போது எதிர்த்தரப்பு வக்கீல், கட்சிக்காரனிடம் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு, வீடு இருக்கும் இடத்தை இவளிடம் சொல்லிவிட்டார். இவள் காதைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும், கேட்டுத் தொலைத்தாள்.

மனு விசாரணைக்கு வந்த நாள், காலையிலேயே அவன் ஆபீசுக்கு வந்து கதவைத் தாழிட்டான்.

"அவ எங்க இருக்கா?"

"சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ யாருக்கு வக்கீல்? எனக்கா, அவளுக்கா?"

சும்மா சொல்லக்கூடாது, நியாயமான கேள்விதான். தனக்குத் தெரிந்ததைத் தன் கட்சிக்காரனிடமே மறைக்கலாமா? அவள் பதிலை யோசித்து முடிப்பதற்குள் முதல் அறை விழுந்தது.

மூக்குக்கண்ணாடி தெறித்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. எழுந்தவளை நாற்காலியோடு உதைத்துச் சாய்த்து, விலாவில் மிதித்தான். "சொல்லுடி! அவ கழுத்தை அறுக்காம எனக்குத் தூக்கம் வராது!" என்று தொண்டையை நெரித்தான். வெளியே தங்கை கதவை இடித்து அலறினாள். அந்தத் தெருவின் பெயர் ஊமைக்கோட்டானின் நாக்கு நுனிவரை வந்தது, அத்தனை வலி. அது வெளியே விழுந்துவிடாமல் இருக்க, எதிரே கிடைத்த அவன் கையைக் கவ்வி, பல் எலும்பில் தட்டும்வரை கடித்தாள்.

அவன் ஊளையிட்டுக் கையை உதறினான். பிறகு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே சிரித்தான். "போய் யார்கிட்ட சொல்லுவே? வெளியே போகாதுன்னு நீதானே சொன்னே?"

அவன் போனதும் தங்கை ஈரத்துணியோடு ஓடிவந்தாள். "போலீசுக்கு போன் போடுறேன்."

"வேண்டாம்டி. அவன் என் கட்சிக்காரன். இந்த ரூம்ல சொன்னது..."

"சொன்னது சரி. அடிச்சதுமா ரகசியம்?"

இவள் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, வழக்கிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லக் கோர்ட்டுக்குப் போனாள். இவள் விலகினாலும் மனு நிற்கும். நீதிபதி அனுமதித்துவிட்டால் இன்றே அந்த விலாசம் அவன் கைக்குப் போய்விடலாம்.

"விலகக் காரணம்?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"சொல்ல முடியாதும்மா."

"முகத்துல என்ன காயம்?"

"அதையும் சொல்ல முடியாது."

நீதிபதி கூண்டில் நின்ற அவனைப் பார்த்தார். "உங்க கையில என்ன?"

"தெருநாய் கடிச்சிடுச்சும்மா. ஈ எறும்புக்குக்கூட நான் தீங்கு நினைச்சதில்ல. விலாசத்தை மட்டும் குடுக்கச் சொல்லுங்க, புள்ளையைப் பார்க்காம துடிச்சிட்டிருக்கேன்."

எப்பேர்ப்பட்ட நடிப்பு! ஆனால் கெட்டிக்காரன் அங்கேதான் சறுக்கினான். கட்சிக்காரன் ரகசியத்தைக் காப்பாற்று என்கிற அதே விதிதான், அவன் நீதிமன்றத்தில் பொய் சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காதே என்றும் சொல்கிறது. விலகலுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அந்த நொடியிலும் அவள் அவனுடைய வக்கீல்தான்.

"அம்மா, என் கட்சிக்காரர் சொன்னது பொய். அவரைக் கடிச்சது நாய் இல்ல, நான்தான்."

அவன் கூண்டுக் கம்பியைத் தாண்டி அவள்மேல் பாய்ந்தான். நீதிபதி கண்முன்னே அவள் கழுத்தைப் பிடித்தான். மூன்று காவலர்கள் அவனைத் தரையில் போட்டு அமுக்க வேண்டியிருந்தது.

சந்தடி அடங்கியதும் நீதிபதி கேட்டார். "ஏன் கடிச்சீங்க?"

ஊமைக்கோட்டான் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, அவன் கதவைத் தாழிட்டதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். தெருவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.