காற்றோடு மல்லுக்கட்டிய மாமா

என் அக்காவின் வீட்டுக்காரருக்குக் காற்று என்றால் ஆகாது. மின்விசிறிக் காற்றைச் சொல்லவில்லை. வண்டிக்கு எதிரே வரும் காற்று. அதுதான் அவருக்கு ஜென்மப் பகை. பஸ் கட்டும் பட்டறையில் முப்பது வருடம் தகரம் அடித்தவர், ஓய்வு பெற்றதும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி.

வாங்கியது என்னவோ அக்காவுக்காகத்தான். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்று நின்றே முழங்காலைத் தொலைத்தவள். அவருக்குப் பகல் ஷிஃப்ட், இவளுக்கு இரவு ஷிஃப்ட். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பிரயாணம் போனதில்லை.

"அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு கடல் வரைக்கும் போகணும்டா. அவ்வளவுதான்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

முதல் வெள்ளோட்டத்தில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தது. "மொகரை தட்டையா இருக்கு மாப்ள, காத்து வந்து முட்டுது" என்றவர், பிளைவுட்டில் வண்டிக்கு ஒரு மூக்கு வைத்தார். கேரவன் எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் நின்றது. மைலேஜ் அதே எட்டு. அடிப்பக்கம் முழுக்கத் தகரம் அடித்தார். அப்புறம், அக்கா ஸ்வெட்டருக்கு வைத்திருந்த கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி வண்டியெங்கும் ஒட்டினார். ஓடும்போது நூல் ஆடுகிற ஆட்டத்தில், காற்று எங்கே தகராறு செய்கிறது என்று தெரிந்துவிடுமாம். அதைப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. ஸ்கூட்டரில் பக்கத்திலேயே போய் நான் நூலைப் பார்த்தேன். தெருவே என்னைப் பார்த்தது. நூல் ஆடிய இடங்களை அடைத்ததில் மைலேஜ் எட்டரை ஆனது. மாமா பூரித்துப்போனார். கடல் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

நூல் கடைசியில் இரண்டு குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்தது. ஒன்று, டிரைவருக்கு மறுபக்கத்துக் கதவின் இடுக்கு. கதவையே தகரம் வைத்து மூடி ரிவெட் அடித்துவிட்டார். இன்னொன்று, பக்கவாட்டு வாசலில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் படி. அதை அறுத்தே எடுத்துவிட்டார்.

"படி இல்லாம நான் எப்படிங்க ஏறுறது?"

"ஸ்டூல் இருக்குல்ல."

புறப்படும் நாள் ஒருவழியாக வந்தது. அக்கா ஸ்டூலில் ஒரு காலை வைத்தாள். மறு காலைத் தூக்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று முறை முயன்றாள். நான் பிடித்துத் தூக்கியபோது வலியில் கத்திவிட்டாள்.

"சட்டுனு ஏறு, நேரமானா எதிர்க்காத்து கெளம்பிரும்" என்றார் மாமா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பிளைவுட் மூக்கைப் பிய்த்து எறிந்திருப்பேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். "நான் தம்பியோட பஸ்ல வர்றேங்க. நீங்க பின்னாடியே வாங்க." சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்பார் என்று கொஞ்சம் நின்றாள்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

பஸ்ஸில் முன்னால் எவ்வளவோ இடம் இருந்தும் அக்கா கடைசி சீட்டுக்குப் போனாள். அங்கிருந்தால்தான் பின் கண்ணாடி வழியாக மாமா தெரிவார். நாலு மணி நேரம் கேரவன் எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா அவ்வப்போது கை காட்டினாள். அவர் ரோட்டைப் பார்த்தார், மைலேஜ் மீட்டரைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா ஓடிவந்தார். அக்காவிடம்தான் ஓடிவருகிறார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள், முகத்திலேயே தெரிந்தது.

"பதினொண்ணு மாப்ள! லிட்டருக்குப் பதினொண்ணு! வந்த காத்தையெல்லாம் பஸ்ஸே வாங்கிக்கிச்சு!" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "திரும்பிப் போறப்பவும் நீ பஸ்லயே வந்துரு. இதே மாதிரி பெரிய பஸ்ஸா பாத்து ஏறு."

அக்கா கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும்போதும் கடைசி சீட் காலியாகவே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே நடந்தேன்.

"அங்க வேணாம்டா" என்று சொல்லி அக்கா டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.