ஆடியில் இல்லாத நிழல்

புதிய தொலைநோக்கியில் முதல்முறை நிலவைப் பார்த்தபோது அதன் மேல் ஓரத்தில் ஒரு நிழல் இருந்தது. ஈரத்துணியின் விளிம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதைப் போல. ஊதிப் பார்த்தேன். போகவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதன்பின் லாரி, ஓட்டல் சமையற்கட்டு, காற்றாலைக் காவல் என்று ஊர் ஊராகப் போனேன். லாரியின் தார்ப்பாய் மேல் மல்லாந்து படுத்துத்தான் நட்சத்திரங்களைக் கற்றுக்கொண்டேன். ஒரு சிறிய லென்ஸ் தொலைநோக்கி வைத்திருந்தேன். அதையும் எங்கோ ஒரு லாட்ஜில் விட்டுவிட்டேன். வெகுகாலம் கழித்து பீர்க்கன்கரணையில் அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தபோது, மறுபடி வானம் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்த முறை வாங்கியது ரிஃப்ளெக்டர் (லென்ஸுக்குப் பதிலாகக் குழாயின் அடியில் இருக்கும் குழிந்த ஆடியால் ஒளியைக் குவிப்பது).

ஆடி வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது சரியாகத் தெரியாவிட்டாலும் ஆடியைத்தான் சந்தேகப்படுவோம். குழாயின் அடியில் இருக்கும் மூன்று திருகுகளைத் திருகித் திருகி ஆடியை நேர்செய்தேன். நிழல் அங்கேயே இருந்தது. சொல்லப்போனால் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஆடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் கலந்த வாளியில் இறக்கினேன்.

அக்கா துணி காயப்போட வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவள்; குரல் இன்னும் வகுப்பறையிலேயே இருக்கிறது.

"என்னடா, குளிப்பாட்டுறியா? பவுடரும் போட்டு விடு."

"கறை இருக்குக்கா."

"நீ குளிச்சியா முதல்ல?"

கழுவி மாட்டிய பிறகும் நிழல் போகவில்லை. நிலவின் விளிம்பு வேறு நெளிய ஆரம்பித்தது. அதற்கும் என்னிடம் காரணம் இருந்தது. பகலில் வெயில் குடித்த மொட்டைமாடி சாயங்காலம் சூட்டை விடும். அந்தக் காற்றில் எல்லாமே நெளியும். கண்ணோரம் அவ்வப்போது வெள்ளையாய் ஏதோ வெட்டியது. எரிகல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

தொலைநோக்கி விற்றவர் கூடுவாஞ்சேரிக்காரர். அவரைப் போனில் பிடித்துச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், வேற யாரையாவது ஒரு தடவ பாக்கச் சொல்லுங்களேன்" என்றார். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் முக்காலிமேல் உட்கார்ந்து, வலது கண்ணை வைத்தாள்.

"ஐயோ, எவ்ளோ குழி! எவ்ளோ அழகா இருக்குடா!"

"மேல நிழல் தெரியுதா?"

"நிழலா? நிலா முழுசா இருக்கு. உன் கண்ணுதான் அரைகுறை."

நான் சிரித்துவிட்டேன். உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

இத்தனைக்கும் ஒரு சின்னச் சோதனை போதும். குழாயை அதைப் பிடித்திருக்கும் வளையத்திலேயே கொஞ்சம் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஆடியில் குறை என்றால் நிழலும் சேர்ந்து சுழலும். சுழலாமல் நின்றால் குறை பார்ப்பவன் கண்ணில். எனக்கு இது தெரியும். பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்த நாட்களில் ஒருமுறைகூட நான் அதைச் செய்யவில்லை.

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ஒரு பகல். இடது கண்ணில் தூசி விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல்பாதி இல்லை. சக்கரங்களும் படிகளும் மட்டும் வந்து நின்றன. மேலே சாம்பல் நிறத் திரை. கையை எடுத்தேன், முழு ரயிலும் இருந்தது. மறுபடி பொத்தினேன். ரயில் போன பிறகும் பொத்துவதும் எடுப்பதுமாக அங்கேயே நின்றேன்.

அக்கா கூட்டிப்போன கண் மருத்துவமனையில் பார்த்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் சொட்டு விட்டு, வெளிச்சம் அடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"எப்பலேர்ந்து சார் இந்தத் திரை?"

"டெலஸ்கோப் வந்ததிலேர்ந்து."

"மின்னல் மாதிரி ஏதாவது வெட்டுச்சா?"

"எரிகல்லுன்னு நினைச்சேன்."

"வீட்டுக்குள்ளயுமா?"

"வீட்டுக்குள்ள வெட்டினத கணக்குல எடுத்துக்கல டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அக்காதான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

வந்திருப்பது விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம், சுவர்க் காகிதம் உரிவதைப்போலப் பிரிந்து வருவது). வலி இருக்காது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடும். மக்குலாவும் (படலத்தின் நடுப்பகுதி, எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டுவது) பிரிந்துவிட்டது என்றார்.

"சீக்கிரம் வந்திருந்தா நடுப்பகுதி தப்பியிருக்கும். இப்ப ஒட்ட வைக்கலாம் சார். பார்வை எவ்ளோ திரும்பும்னு ஒட்டினப்புறம்தான் சொல்ல முடியும்."

நான் வானம் பார்ப்பது எப்போதும் வலது கண்ணால். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

செய்தது விட்ரெக்டமி (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழை எடுத்துவிட்டுச் செய்யும் அறுவை). படலத்தை அழுத்திப் பிடிக்க உள்ளே வாயுக் குமிழி ஒன்றை விட்டார்கள். குமிழி மேலே எழும்புவது. அது கண்ணின் பின்சுவரைத் தொட வேண்டுமென்றால் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, மலைக்கும் போகக்கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணை அழுத்தும். ஓர் ஊரில் நிலைக்காதவனைத் தரையைப் பார்த்துப் படு என்றார்கள்.

அக்கா வீட்டுத் தரை பழைய மொசைக். கட்டிலின் ஓரத்தில் முகத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். இடது கண்ணுக்குக் கீழே சாம்பல் தரை, அதில் வெள்ளையும் கறுப்புமாய்ச் சில்லுகள். முதலில் வெறும் சில்லுகள். பிறகு மூன்று சில்லுகள் ஒரே வரிசையில் தெரிந்தன. அதைச் சுற்றி நான்கு. நட்சத்திரக் கூட்டத்து வேட்டைக்காரன் எழுந்து நின்றான். கட்டில்கால் அருகே தேள், கதவோரம் பால்வழி. கண் அசந்தால் தரை ஆழமாகிவிடும். நான் மேலே எங்கோ மிதந்து கீழே இருக்கும் வானத்தைப் பார்ப்பதாக இருக்கும். அக்காவின் கால்கள் அந்த வானத்தைக் கடந்து போகும்.

"காபி. ஸ்ட்ரா போட்டிருக்கேன். தலைய தூக்காத."

"அக்கா, நீ தேள் மேல நிக்கிற."

அவள் அலறித் துள்ளினாள். பிறகு நிலைமை புரிந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "இனிமே ஸ்ட்ரா கிடையாது. நக்கிக் குடி."

பகலா இரவா என்பது கலைந்துபோயிற்று. குக்கர் விசில், மீனம்பாக்கம் பக்கம் இறங்கும் விமானங்களின் இரைச்சல், அக்காவின் ஜெபம். இவைதான் பொழுது. தூக்கத்தில் லாரி ஓடியது. விழித்தால் அது மின்விசிறி.

எழுந்து உட்கார விட்ட பிறகு, வலது கண்ணின் மேல்விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். நடந்தால் கோடு தளும்பியது. குமிழி சுருங்கச் சுருங்க அது இறங்கியது, கோடையில் பீர்க்கன்கரணை ஏரி இறங்குவதுபோல. கடைசியில் குமிழி அடியில் ஒரு சிறு பந்தாக உருண்டுகொண்டிருந்தது (கண்ணுக்குள் மேலே மிதப்பது பார்வையில் கீழே தெரியும்). ஒரு நாள் காலையில் தேடினேன், இல்லை. வினோதமாக, கூட இருந்த ஒருவர் சொல்லாமல் போய்விட்டதுபோல் இருந்தது.

படலம் ஒட்டிவிட்டது. இனி தேறுவதெல்லாம் மெல்லத்தான், முழுதாகத் தேறாது என்றார் டாக்டர். வலது கண்ணால் பார்த்தால் ஜன்னல் கம்பி ஓரிடத்தில் வளைகிறது. அக்காவின் முகத்தில் மூக்கு கொஞ்சம் நகர்கிறது. அவளிடம் சொன்னதற்கு, "எனக்கே தெரியும், அது சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள்.

இதைப் படிப்பவருக்கு ஒன்றே ஒன்று. தினம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்தி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். திரை, மின்னல், திடீரென்று பார்வையில் மிதக்கும் புகைத்துளிகள் எதுவானாலும் அன்றைக்கே கிளம்புங்கள். காரணம் கண்டுபிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காரணங்களுக்குப் பஞ்சமே வராது.

சென்ற வாரம், இருட்டத் தொடங்கியதும் தொலைநோக்கியை மாடியில் வைத்தோம். தூக்கியது அக்கா, எனக்கு இன்னும் பளு கூடாது. வலது கண்ணை வைத்தேன். நிலவு மெதுவாக நகர்ந்து வந்தது. நகர்வது நிலவு இல்லை, நானும் மாடியும் அக்காவும்தான் என்பது முன்பு எனக்கு ஒரு தகவல். இப்போது உடம்பு அதை உணர்கிறது.

நிழல் இல்லை. மேல்விளிம்பில் மட்டும் விரலால் அழுத்தியதைப்போல ஒரு நெளிவு.

"என்னடா, எப்படி இருக்கு?"

வளையத்தைத் தளர்த்தி, குழாயை மெல்லச் சுழற்றினேன். நிலவின் குழிகள் எல்லாம் சேர்ந்து சுழன்றன. அந்த நெளிவு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஆடி நல்லா இருக்குக்கா" என்றேன்.